பார்க்கும் கண்ணின் கடன்

இமயத்தின் மடியில் அமைந்த ஒரு தலைநகரைக் கண்டு வருவது, இன்று செல்வந்தர்க்கு மட்டுமே உரிய பேறாக இல்லை. கோரக்பூர் வரை ரயிலில் சென்று, சுனௌலியில் எல்லையைக் கடந்து, மலைப்பாதையில் பேருந்து ஏறினால் நேபாளத்தின் தலைநகரான காத்மாண்டுவை அடைந்துவிடலாம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பசுபதிநாதரைத் தரிசித்து, 108 வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் முக்திநாத் வரை சென்று திரும்பும் பயணங்களைப் பல நிறுவனங்கள் ஆண்டுதோறும் நடத்தி வருகின்றன. சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டு எளிய குடும்பத்தினரும் அவற்றில் சேர்ந்து சென்று வருகிறார்கள்.

இப்படிப் புறப்படுபவர்களுக்கு எதை எடுத்துச் செல்வது, எங்கே தங்குவது, எதற்கு எவ்வளவு கொடுப்பது என்று சொல்லித்தர வழிகாட்டிகள் உண்டு. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவர்களிடம் விடை கிடைப்பதில்லை. பிறர் வாழும் ஊரைப் பார்ப்பதற்கு நமக்குள்ள உரிமை எங்கிருந்து வருகிறது? பயணச்சீட்டு வாங்கிவிட்டதனாலேயே அங்குள்ள எல்லாவற்றையும் பார்க்கும் தகுதி நமக்கு வந்துவிடுகிறதா? கையாலும் வாயாலும் செய்வதைக் கர்மம் என்று ஒப்புக்கொள்கிறோம். கண்ணால் பார்ப்பதும் ஒரு கர்மம் ஆகுமா? ஆகுமென்றால், அதற்கும் தர்மம், அதர்மம் என்ற பாகுபாடு உண்டல்லவா?

இக்கேள்வியைக் காத்மாண்டு நகரம் வேறெந்த நகரையும்விடக் கூர்மையாக நம்முன் வைக்கிறது.

பாக்மதியின் இரு கரைகள்

காத்மாண்டு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் உள்ளது. 1979-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அனுமான் டோக்கா, பாட்டன், பக்தபூர் ஆகிய மூன்று அரண்மனைச் சதுக்கங்களும், சுவயம்பு, பௌத்தநாத் ஆகிய இரு ஸ்தூபிகளும், பசுபதிநாதர், சாங்கு நாராயணர் ஆகிய இரு ஆலயங்களும் அதில் அடங்கும்.

பசுபதிநாதர் ஆலயம் பாக்மதி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது. பொற்றகடு வேய்ந்த இரண்டடுக்குக் கூரையின்கீழ், நான்கு முகங்கள் கொண்ட லிங்கத் திருமேனியாக இறைவன் எழுந்தருளியிருக்கிறான். அத்திருமேனியைத் தீண்டிப் பூசை செய்யும் உரிமை பெற்ற பட்டர்கள் தென்னாட்டிலிருந்து, குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து செல்வது நெடுங்கால மரபு. 2009-ஆம் ஆண்டையொட்டி இம்மரபை மாற்றுவதற்கு முயற்சி நடந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது; பழைய முறையே நிலைத்தது. தென்னாட்டில் பிறந்த ஒருவர் இமயத்தின் அடிவாரத்திற்குச் சென்று, அங்கேயே தங்கி, அவ்வூர் மக்களுக்காக நாள்தோறும் இறைவனைப் பூசிக்கிறார். அதே தென்னாட்டிலிருந்து மற்றொருவர் சென்று, மூன்றே நாட்களில் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். இருவரும் ஒரே வழியில்தான் பயணம் செய்தார்கள். ஆயினும் அவ்வூருக்கும் அவர்களுக்கும் ஏற்பட்ட உறவு ஒன்றாகிவிடுமா?

ஆலயத்தை ஒட்டி ஆற்றங்கரையில் ஆரியகாட், பஸ்மேஸ்வர காட் முதலிய படித்துறைகள் உள்ளன. அங்கே சிதைகள் எரிகின்றன. இறந்தவரின் மகன் தலையை மழித்து, வெள்ளாடை உடுத்து, நெருப்பிடுகிறான். பெண்கள் சற்றுத் தள்ளி நின்று அழுகிறார்கள். எரிந்து முடிந்ததும் சாம்பல் ஆற்றோடு சேர்க்கப்படுகிறது.

எதிரே கிழக்குக் கரையில் படிக்கட்டுகளும் சிறு சிவாலயங்களின் வரிசையும் உள்ளன. ஆலயத்தின் உள்ளே இந்துக்கள் அல்லாதாருக்கு அனுமதி இல்லாததால், மேலை நாட்டவர்கள் அப்படிகளில் அமர்ந்து அக்கரையைப் பார்ப்பது வழக்கம். அவர்களுடைய கையில் காமிரா இருக்கும். தொலைவில் உள்ளதை அருகில் கொண்டுவரும் கண்ணாடி, அழும் தாயின் முகத்தைப் பத்தடி தூரத்தில் இருப்பதுபோல் காட்டும்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மேலை நாட்டவர்மீது சினம் எழும். அச்சினத்தைச் சற்று நிறுத்திவைத்து நம்மவர்களையும் கவனிப்போம். மேற்குக் கரையில் பசுபதிநாதரை வணங்கி, நெற்றியில் திருநீறு துலங்க வெளியே வந்து, பாலத்தைக் கடந்து கிழக்குக் கரையில் அமர்ந்து, நம்மவர்களும் கைப்பேசியை உயர்த்துகிறார்கள். ஆலயத்தினுள் நுழையும் உரிமை நமக்கு இருக்கிறது என்பது, பிறர் துயரினுள் நுழையும் உரிமையாகிவிடாது. நெற்றியில் நீறு பூசிக்கொண்டே பிறர் சாம்பலைப் படம் பிடிப்பதில் ஒரு முரண்பாடு உண்டு. மேலை நாட்டவருக்கு அது புதிய காட்சி. அதன் பொருளை அவர் அறியாமல் இருக்கலாம். நமக்கு அந்தச் சமாதானம் இல்லை.

பொது இடம் என்னும் வாதம்

'அது பொது இடந்தானே? மறைவாக நடப்பதையா பார்த்தோம்? எல்லாரும் பார்க்கும்படி நடப்பதைத்தானே பார்த்தோம்?' என்று சிலர் கேட்கக்கூடும். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. நம் மரபில் மரணம் நான்கு சுவர்களுக்குள் மறைக்கப்படுவதில்லை. தெருவழியே ஊர் காணச் செல்வதே இறுதி ஊர்வலம். சாவு வீட்டுக்கு அறிமுகம் இல்லாதவர் சென்றாலும், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் சாவு வீட்டுக்குச் சென்றவர் என்ன செய்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் செருப்பைக் கழற்றுகிறார், குரலைத் தாழ்த்துகிறார், சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அமர்கிறார், வீடு திரும்பியதும் குளிக்கிறார். அந்த மரணம் தம்மையும் தொட்டுவிட்டது என்பதை அவருடைய உடலே ஒப்புக்கொள்கிறது. ஊரறிய நடக்கும் துயரத்தை நாம் பார்க்கலாம் என்பதன் பொருள், அதில் நாமும் பங்குகொள்ளலாம் என்பதே. பங்குகொள்ளாமல் பார்ப்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு. அதை 'வேடிக்கை பார்ப்பது' என்கிறோம். வீடு பற்றி எரியும்போது தண்ணீர்க் குடத்தோடு ஓடுபவனும் அந்த நெருப்பைத்தான் பார்க்கிறான்; கைகட்டி நிற்பவனும் அதைத்தான் பார்க்கிறான். இரண்டாமவனை மட்டுமே வேடிக்கை பார்ப்பவன் என்கிறோம்.

'சுற்றுலாவினால்தானே அம்மக்கள் பிழைக்கிறார்கள்?' என்பது மற்றொரு வாதம். இதிலும் உண்மை உண்டு. 2014-ஆம் ஆண்டில் நேபாளத்திற்குச் சென்ற வெளிநாட்டவர் சுமார் 7.9 லட்சம். நிலநடுக்கம் நேர்ந்த 2015-ஆம் ஆண்டில் அத்தொகை சுமார் 5.4 லட்சமாகக் குறைந்தது. விடுதிப் பணியாளர், வழிகாட்டி, சுமை தூக்குபவர், கைவினைஞர் ஆகிய அனைவரின் அடுப்பையும் அக்குறைவு தொட்டது. ஆகவே, 'அங்கே போகாதீர்கள்' என்பது இக்கேள்விக்கு விடை ஆகாது.

எனினும், காசு கொடுத்துப் பார்க்கும் பார்வை பார்க்கப்படுவதை எப்படி மாற்றுகிறது என்பதையும் நாம் காண வேண்டும். பசுபதிநாதர் ஆலயச் சூழலில் உடல் முழுவதும் நீறு பூசி, சடை தரித்து, படம் எடுப்போரிடம் காசு பெற்றுக்கொண்டு அமர்ந்திருக்கும் சாதுக்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்களைப் போலிகள் என்று ஏளனம் செய்வது எளிது. அந்தக் கோலத்திற்கு விலை வைத்தது யார்? சாம்பல் பூசிய உடல், 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்பதற்கு அடையாளமாக இருந்தது. அதைக் காட்சிப் பொருளாக்கிக் காசை நீட்டியவை பார்க்க வந்தவர்களின் கைகள்தாம்.

அனுமான் டோக்காவின் அருகே குமாரி வாழும் மாளிகை உள்ளது. சாக்கிய குலத்தில் பிறந்த ஒரு சிறுமியைத் தேவியாகப் பாவித்து வணங்கும் மரபு அங்கே உண்டு. அச்சிறுமி சாளரத்தில் தோன்றும்போது படம் எடுக்கக் கூடாது என்பது விதி. குமாரியாக இருக்கும் சிறுமிக்குக் கல்வி முதலிய உரிமைகளை மறுக்கலாகாது என்று நேபாள உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வணங்குபவர்க்கு அவள் தேவி. நீதிமன்றத்திற்கு அவள் ஒரு குழந்தை. இரண்டு பார்வைகளுமே அவளுக்கு மதிப்பளிக்கின்றன. முற்றத்தில் நின்று, 'இன்னும் வரவில்லையே!' என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் பயணிக்கு அவள் யார்?

நம்மைப் பிறர் பார்க்கும்போது

பார்ப்பவனுக்குப் பார்வையின் பாரம் தெரிவதில்லை. பார்க்கப்படுகிறவனே அதை அறிவான். இதை உணர நாம் இமயம் வரை செல்ல வேண்டியதில்லை. கோலார் தங்கவயலுக்குச் சென்றால் போதும்.

தங்கவயலில் 1880-களில் நவீனச் சுரங்கத் தொழில் தொடங்கியது. தமிழகத்திலிருந்து பெருமளவில் குடியேறிய தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. காத்மாண்டு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான ஆழத்தில் வெப்பத்திலும் புழுதியிலும் நின்று அவர்கள் பாறையைப் பிளந்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவர்களுடைய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடியுமுன் எழுந்து, ரயிலேறி, பெங்களூர் சென்று வேலை பார்த்து இரவில் திரும்புகிறார்கள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு, சயனைடு மேடுகளாகக் குன்றுபோல் நிற்கிறது. காற்று வீசும்போது அந்தத் தூசி வீடுகளுக்குள் புகுகிறது.

2018-இலும் 2022-இலும் அவ்வூரின் பெயரைத் தாங்கி இரண்டு பாகங்களாக வெளிவந்த திரைப்படம் நாடெங்கும் ஓடியது. அதன்பின் அம்மேடுகளைப் பார்ப்பதற்கென்றே வெளியூர் இளைஞர்கள் வருகிறார்கள். மேட்டின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும், அம்மேட்டின் அடிவாரத்தில் ஓட்டு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டிருக்கும் ஒரு முதிய தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். 'தம்பி, படம் எடுத்துக்க, வேணாங்கல. இது எங்க பாட்டன் காலத்து உழைப்பு. எங்க வீட்டுக் கொல்லை. ஏறுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று அவர் சொன்னால், அதில் நியாயம் இல்லை என்று யாரால் கூற முடியும்? அவர் கேட்பது காசு அன்று. தம்மைக் காட்சியின் ஒரு பகுதியாகக் கருதாமல் ஒரு மனிதராகக் கருத வேண்டும் என்பதையே அவர் கேட்கிறார்.

தங்கவயலை அடுத்த பங்காரப்பேட்டை வட்டத்தில் உள்ள சிற்றூர் பூதிகோட்டை. மைசூர் அரசையே தன் கைக்குள் கொண்டுவந்து, 1782-இல் மறைந்த ஐதர் அலி பிறந்த ஊர் அது. பூதி என்பது விபூதி. சாம்பற்கோட்டை என்று அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் கூறுவர். பேரரசுக் கனவுகள் பிறந்த இடத்தின் பெயரே எல்லாவற்றின் முடிவையும் அறிவித்துக்கொண்டிருக்கிறது. வரலாற்று ஆர்வத்தினால் அங்கே ஒருவர் வந்து, சிதைந்த கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு, அதன் நிழலில் வாழும் மக்களின் முகத்தை ஒருமுறைகூடப் பாராமல் திரும்பினால் அவ்வூரார் என்ன நினைப்பர்? அவ்வூரிலிருந்து ஒரு குடும்பம் காத்மாண்டுவுக்குச் செல்லுமானால், பார்க்கப்படுவதன் வலியை அறிந்தவர்களாகவே அவர்கள் செல்கிறார்கள். அந்த அறிவு அவர்களோடு எல்லையைக் கடக்கிறதா என்பதுதான் கேள்வி.

2015 தந்த பாடம்

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் நேபாளத்தில் 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். காத்மாண்டு என்ற பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம் இடிந்து வீழ்ந்தது. தரஹரா கோபுரம் சரிந்தது. பசுபதிநாதரின் கருவறை நிலைத்து நின்றது. அதன் எதிரே பாக்மதிக் கரை நெடுகிலும் சிதைகள் வரிசையாக எரிந்தன.

இந்தியா சில மணி நேரத்திலேயே மீட்புப் படையினரையும் மருந்தையும் உணவையும் அனுப்பியது. 'மைத்ரி' என்பது அப்பணிக்கு இடப்பட்ட பெயர். ஆயினும் சில நாட்களில், இந்தியத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் தம் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று நேபாள மக்களில் பலர் சமூக ஊடகங்களில் குரல் எழுப்பினார்கள். உற்றாரை இழந்து நின்றவர்களின் முகத்திற்கு நேரே ஒலிவாங்கியை நீட்டியதும், துயரத்தைத் தொடர் நாடகம்போல் காட்டியதும் அவர்களுடைய மனத்தைப் புண்படுத்தியிருந்தன. உதவிய கையை அவர்கள் வெறுக்கவில்லை. வேடிக்கை பார்த்த கண்ணையே வெறுத்தார்கள். ஒரே நாட்டிலிருந்து, ஒரே வாரத்தில், இரண்டும் சென்றிருந்தன.

செய்தி உலகம் அறிய வேண்டியது என்பதில் ஐயமில்லை. படங்களைக் கண்டதனால்தான் உலகெங்கும் உதவி திரண்டது. பார்ப்பது தவறு என்று அந்நிகழ்ச்சி கூறவில்லை. பார்த்தவன் அடுத்து என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறான் என்பதையே அது கேட்கிறது. தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்குத் திருப்பித் தர வேண்டியது என்றும், கடமை என்றும் இரு பொருள் உண்டு. பிறர் வாழ்வைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் இவ்விரு பொருளிலும் நம்மைக் கடனாளியாக்குகிறது.

சாட்சி எங்கே அமர்ந்திருக்கிறது?

ஆன்மிக நாட்டம் உள்ளவர்கள் எழுப்பக்கூடிய நுட்பமான ஐயம் ஒன்று உண்டு. 'எதிலும் ஒட்டாமல் சாட்சியாக இரு என்றுதானே வேதாந்தம் கூறுகிறது? சிதையைச் சலனமின்றிப் பார்ப்பவன் அந்நிலையில்தானே இருக்கிறான்?'

தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதனால் இங்கே மிகுந்த விவேகம் வேண்டும். முண்டக உபநிஷதம் இரு பறவைகளைப் பற்றிக் கூறுகிறது. ஒன்று கனியை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவ்விரு பறவைகளும் ஒரே மரத்தில்தான் அமர்ந்திருக்கின்றன. பார்க்கும் பறவை பாதுகாப்பாக வேறொரு மரத்தில் இருந்துகொண்டு பார்க்கவில்லை. சாட்சி என்பவன் தன் உடலையும், தன் மனத்தில் எழும் அச்சத்தையும் ஆவலையும், தன் மரணத்தையும் சேர்த்தே பார்க்கிறான். வேடிக்கை பார்ப்பவனோ எல்லாவற்றையும் பார்த்து, தன்னை மட்டும் விட்டுவிடுகிறான். 'இது அவர்களுக்கு நேர்ந்தது' என்பது அவனுடைய எண்ணம். 'இது இவ்வுடலுக்கும் நேரப்போவது' என்பது சாட்சியின் அறிவு.

பதஞ்சலி முனிவர் மனத்தெளிவுக்கு நான்கு பாவனைகளைக் கூறினார். இன்புற்றிருப்பவரிடம் மைத்ரி, துன்புறுபவரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் விலகி நிற்றல் என்பன அவை. துன்பத்தைக் காணும்போது விலகி நிற்கும்படி அவர் கூறவில்லை, கருணையையே கூறினார். பிறர் துன்பத்தின்முன் வெறும் ஆவலோடு நிற்பதற்கு அந்நான்கினுள் இடமே இல்லை.

விருந்தாளியின் தர்மம்

திருக்குறளில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரம் உண்டு. விருந்தாகச் செல்பவனின் கடமைக்குத் தனி அதிகாரம் இல்லை. அதைக் கடோபநிஷதத்தில் காணலாம். சிறுவன் நசிகேதன், மரணதேவனின் வீட்டிற்கே விருந்தாளியாகச் சென்றான். வீட்டிற்குரியவன் அங்கு இல்லை. மூன்று இரவுகள் உண்ணாமல் காத்திருந்தான். திரும்பி வந்த எமன், விருந்தினனைக் காக்க வைத்ததற்காக வருந்தி மூன்று வரங்களை அளித்தான். மூன்றாவது வரமாக மரணத்தின் உண்மையை நசிகேதன் கேட்டபோது, தேர்களையும் இசையையும் ஆடல் மகளிரையும் நீண்ட ஆயுளையும் காட்டி, 'இவற்றை எடுத்துக்கொள். அதைக் கேளாதே' என்றான் எமன்.

இன்றைய மொழியில் கூறினால், காணத்தக்க இடங்களின் பட்டியல் ஒன்றை எமன் நீட்டினான். நசிகேதன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் காத்திருக்க அறிந்தவன். பட்டியலை விலக்க அறிந்தவன். கேட்கத் தகுந்ததைக் கேட்க அறிந்தவன். மரணத்தின் வீட்டிற்குச் செல்லும் விருந்தாளிக்கு இம்மூன்றும் வேண்டும். பஸ்மேஸ்வர காட்டின் எதிரே அமர்பவர் அனைவரும் அந்த வீட்டு வாசலில்தான் அமர்கிறார்கள்.

நம் தமிழ் மரபும் இதை அறியும். காரைக்கால் அம்மையார் கயிலையை அடைந்தபோது, அப்புனித மண்ணில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்கிறது பெரியபுராணம். 'இங்கே என்னவெல்லாம் பார்க்கலாம்?' என்பதற்கு முன்னால், 'இம்மண்ணை நான் எப்படி மிதிப்பேன்?' என்ற கேள்வி அவருள் எழுந்தது. இறைவனின் ஆடலைக் கண்டு அவன் திருவடியின்கீழ் இருக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். அவருக்குக் காட்டப்பட்ட இடம் திருவாலங்காட்டுச் சுடுகாடு. பேயுருவை வேண்டிப் பெற்று, அச்சுடுகாட்டில் தாமும் ஒருவராகி நின்ற பின்னரே அவர் அந்த ஆடலைக் கண்டு பாடினார்.

திருநாவுக்கரசரும் கயிலையைக் காணப் புறப்பட்டார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், உடல் தேய்ந்தது, புரண்டு சென்றார். இறுதியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். காவிரிக்கரை ஊரிலேயே கயிலைக் காட்சி கிடைத்தது. கண்ணெதிரே இணையிணையாக வந்த உயிரினங்கள் எல்லாம் அம்மையப்பராகத் தெரிந்தன. அவர் கயிலை வரை போகவில்லை. எனினும் அந்தப் பயணம் வீண்போகவில்லை. நடந்து தேய்ந்த உடலுக்குள் பார்க்கும் கண் மாறியிருந்தது.

'அப்படியானால் சுற்றுலாப் பயணி இழிந்தவர், யாத்திரிகர் உயர்ந்தவர் என்பதா?' என்று கேட்டால், அதுவும் அன்று. ஒன்பது நாளில் பன்னிரண்டு கோயில் என்று எண்ணிக்கொண்டு, வரிசையில் முன்னால் நிற்பவரை இடித்துத் தள்ளி, புண்ணியத்தைக் கணக்கிட்டுத் திரும்பும் யாத்திரிகரும் நுகர்வோர்தாம். கடவுள் நம்பிக்கை இல்லாமல் வந்து, கிழக்குக் கரையில் அமர்ந்து, காமிராவைப் பையில் வைத்துவிட்டுக் கண்கலங்கிய அயல்நாட்டவர் உண்மையில் தரிசனம் செய்தவராவார். பெயரும் மதமும் இதை முடிவு செய்வதில்லை.

செல்பவர்க்குச் சில நியமங்கள்

இமயத்துத் தலைநகருக்குச் செல்லும் அன்பர்கள் கீழ்க்கண்ட எளிய நியமங்களைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, சிதையையும் அழுபவர்களையும் படம் எடுப்பதில்லை என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே உறுதி செய்துகொள்ளுதல். அங்கே சென்றபின் முடிவு செய்யலாம் என்று விட்டால், கூட்டத்தின் கை நம் கையையும் உயர்த்திவிடும்.

இரண்டாவது, பட்டியலில் இருந்து ஓரிடத்தைக் குறைத்தல். குறைத்ததனால் கிடைத்த நேரத்தில் பாக்மதியின் கரையில் அரைமணி நேரம் அமர்ந்து, பெயர் தெரியாத அந்த ஆன்மாவின் சாந்திக்காகப் பிரார்த்தனை செய்தல். யாரும் கேட்காத பிரார்த்தனை அது. ஆயினும் நாம் பார்த்த பார்வைக்குச் செலுத்தும் முதல் தவணை அதுவே.

மூன்றாவது, மனிதரைப் படம் எடுப்பதற்குமுன் அவருடைய அனுமதியைக் கேட்டல். 'வேண்டாம்' என்று அவர் தலையசைத்தால் வணங்கி விலகுதல். அந்தத் தலையசைப்பை ஏற்கும்போது, அவரை மனிதராக மதித்தோம் என்பது அவருக்கும் நமக்கும் தெரிகிறது.

நான்காவது, அவ்வூரின் இன்றைய வாழ்வையும் அறிந்து செல்லுதல். 2025 செப்டம்பர் 9-ஆம் நாள் இளைஞர்களின் கிளர்ச்சியின்போது நேபாள நாடாளுமன்றக் கட்டடமும் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரும் தீக்கிரையாயின. அந்நகரம் நமக்காகப் பாதுகாத்து வைக்கப்பட்ட பழம்பொருட் கூடம் இல்லை. அதன் மக்களுக்கு வேலையின்மையும் கோபமும் நம்பிக்கையும் உண்டு. நம் பிள்ளைகளைப் போலவே அவர்களுடைய பிள்ளைகளும் வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள். விடுதியில் தேநீர் கொண்டுவரும் இளைஞனிடம் அவனுடைய கிராமத்தின் பெயரைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஐந்தாவது, திரும்பி வந்தபின் நம் ஊரை அதே கண்ணால் பார்த்தல். தங்கவயலில் இருந்து சென்றவர் தம் தெருவின் முதியவரிடமும், பூதிகோட்டையிலிருந்து சென்றவர் தம் கோட்டையின் அடியில் ஆடு மேய்ப்பவரிடமும், நாம் நம் அடுத்த வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினோம் என்றால் அந்தப் பயணம் பலித்தது என்று கொள்ளலாம்.

நாள்தோறும் காலையில் நெற்றியில் நீறு இடும்போது, நாளை இவ்வுடல் ஆகப்போவதை இன்றே ஏற்றுக்கொள்கிறோம். அதன் பொருளை உணர்ந்து இட்டவர், பஸ்மேஸ்வர காட்டில் எரியும் சிதையை அயலாருடைய சிதை என்று எண்ணமாட்டார். அது எவருடைய உடலாயினும், தாமும் செல்லும் வழியில் சற்று முன்னால் சென்ற ஒருவரின் உடல் என்று அறிவார். அப்படி அறிந்தவருடைய கை தானாகவே கீழே இறங்கும். சற்று நேரத்தில் இரு கைகளும் குவியும்.